காமினியின் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறு குறைகள்

லோகேஸ்வரன் செய்த முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தன் மனைவியின் குரல், மொத்தம் பதினொரு மணி நேரக் குரல், இருந்த பென்டிரைவைக் கொண்டுபோய் பினாங்கு லெபோ பாசார் தெருவில் ஒரு மாடி அலுவலகத்தில் கொடுத்தான். கொடுத்ததோடு விட்டானா? அவர்கள் சொன்னார்கள் என்பதற்காக, மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் இருந்த பிரதிகளை அவர்கள் கண் முன்னாலேயே அழித்து, அழித்ததற்குக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தான்.

வேறு எவனும் செய்திருக்கமாட்டான். ஆனால் லோகேஸ்வரன் ஜாகா, அதாவது வாசல் காவலாளி. பதினாலு வருடமாக கர்னி பக்கம் ஓர் அடுக்குமாடி வாசலில் பகல் நேரக் காவல். வருகிறவன் யாராக இருந்தாலும் காரை நிறுத்தி, புத்தகத்தில் பெயரும் காடி நம்பரும் எழுதினால்தான் தடுப்பைத் தூக்குவான். அந்தக் கட்டடத்தின் முதலாளியையே ஒரு தடவை வெயிலில் நிற்கவைத்திருக்கிறான். புத்தகத்தை நீட்டி இங்கே கையெழுத்துப் போடு என்று யாராவது சொன்னால், போட்டால்தான் உலகம் ஒழுங்காக நடக்கும் என்று மனதார நம்புகிற ஜாதி. நீட்டினார்கள், போட்டான்.

அந்தக் குரலின் கதை இது. காமினிக்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வு நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளாமல் கைப்பேசியில் கதை எழுதினாள். பெயர் 'அவன் நிற்கும் தூரம்'. பெரிய செட்டியார் வீட்டுப் பெண் ஸ்ரீநிதி. அவளைக் கொல்ல யாரோ திட்டம் போடுகிறார்கள். காப்பாற்ற ஒரு பாடிகார்ட் வருகிறான், அர்ஜுனன். ஆறடி, புருவத்தில் தழும்பு, ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவான். கொலைகாரன் யார் என்பது முப்பதாவது அத்தியாயம் வரை தெரியாது. அர்ஜுனன் அவளைக் காதலிக்கிறான் என்பது மூன்றாவது அத்தியாயத்திலேயே எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர.

"யாரப் பாத்து இவன எழுதுன?" என்று லோகேஸ்வரன் ஒரு நாள் கேட்டான்.

"ஒன்னத்தான்."

லோகேஸ்வரன் ஐந்தடி நாலங்குலம். உட்கார்ந்தால் தூங்கிவிடுவான்.

"ஆறடின்னு போட்டுருக்க?"

"கதைலா. கொஞ்சம் கூட்டித்தான் எழுதணும்."

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குத் தொண்டை கட்டியது, கட்டினது விடவில்லை. பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு மருத்துவர் நேராகச் சொன்னார். குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். உயிர் இருக்கும், குரல் இருக்காது. மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

காமினி அழவில்லை. அழுதால் தொண்டை இன்னும் கட்டிக்கொள்ளும் என்று பயந்தாள். துணி அலமாரியின் இரண்டு கதவையும் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, எதிரொலி வராதபடி கைப்பேசியை முந்தானைக்குள் வைத்து, முப்பது அத்தியாயத்தையும் கரகரத்த குரலில் படித்து முடித்தாள். விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில் பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் ஓய்வெடுத்தாள். இருபத்தோராம் நாள் கத்தி வைத்தார்கள்.

அவளுக்கு ஒரே ஆசை. யாராவது நாலு பேர் இதைக் கேட்க வேண்டும். தமிழ் ஒலிநூலுக்கென்று ஒரு கைப்பேசிச் செயலி இருந்தது. அதில் ஏற்ற வேண்டுமென்றால் பினாங்குச் செந்தமிழ் ஒலிநூல் நெறிகாப்பு மாமன்றத்தின் தரச் சான்று வேண்டும். அவள் படுக்கையில் கிடந்தபோது, கண் விழித்ததும் நல்ல செய்தி சொல்லலாம் என்று லோகேஸ்வரன் மாமன்றத்தின் மாடிப்படி ஏறினான்.

மாமன்றம் தோன்றிப் பதினோரு ஆண்டுகள். அதுவரை அதனிடம் தரச் சான்று பெற்ற ஒலிப்பதிவுகள் இரண்டு. ஒன்று, தலைவர், டத்தோ பட்டம் பெற்ற முத்துவீரப்பனின் மணிவிழா உரை. இன்னொன்று, அந்த உரையைப் பாராட்டியவர்களுக்கு அவர் ஆற்றிய நன்றியுரை. இரண்டுமே செயலியில் இருந்தன. கேட்டவர்கள் எண்ணிக்கை ஏழு என்று காட்டியது.

செயலாளர் ராமதாஸ் நில அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பென்டிரைவை வெள்ளைத் துணியில் வாங்கினார்.

"விதி ஒன்பது. ஒரு குரல் ஓரிடத்தில்தான் இருக்கலாம். பிரதி எடுப்பது குரலைப் பிளப்பதற்குச் சமம். வேற எங்க இருக்கு?"

"லேப்டாப்புல ஒன்னு, போன்ல ஒன்னு சார்."

"கொண்டாந்திருக்கீங்களா? அழிச்சிருங்க. குப்பைத் தொட்டின்னு ஒன்னு இருக்கும், அதையும் காலி பண்ணிருங்க. மாமன்றமும் பிரதி எடுக்காது. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

கண்டிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் லோகேஸ்வரனுக்கு மரியாதை வந்துவிட்டது. பதிவுப் புத்தகத்தைப் பார்த்தான். நேரம், நாள், பொருள், கொடுத்தவர், பெற்றவர் எல்லாம் கோடு போட்டுச் சுத்தமாக இருந்தது. இப்படி ஒரு புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒரு பொருளைத் தொலைக்கமாட்டார்கள் என்று நினைத்தான். பாவி மனுஷன்.

வீடு திரும்பிய காமினிக்குக் கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். மேலே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டாள். பேசுவதற்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மை எழுதுகோலும். சமையலறையிலிருந்து அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் இரண்டு தட்டு. ஒரு தட்டு என்றால் 'இல்லை'. வந்த மறுநாளே பலகையில் எழுதினாள்: "என் குரலப் போடு. கேக்கணும்."

"சான்றுக்குக் குடுத்துருக்கேன் காமி."

"காப்பி?"

லோகேஸ்வரன் நடந்ததைச் சொன்னான். அவள் ஏற்கெனவே வெறுமையாக இருந்த பலகையைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அவனுக்கு அதற்கும் தெம்பில்லை.

இரண்டு வாரம் கழித்து மாமன்றத்திலிருந்து கடிதம். குறை கண்டிருப்பதாகவும் நேரில் வரவேண்டுமென்றும் இருந்தது. போனான். ராமதாஸ் ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார்.

"நானூத்திப் பன்னெண்டு குறை. முதல் குறை, பாடிகார்ட். முந்நூத்திப் பதினோரு எடத்துல வருது. மெய்க்காவலர்னு வரணும். அப்புறம் வில்லனுங்க பாலத்துல காடியில தொரத்தறப்ப, 'டேய் பிரேக்க புடிலா' ன்னு கத்தறான். 'அன்பரே, தடையை அழுத்துங்கள்' னு மாத்தணும். பதினேழாவது அத்தியாயத்துல அர்ஜுனன் ஓடற காடியிலேருந்து குதிக்கிறாரு. பெல்ட் கழட்டுன சத்தம் வரல. அப்ப அவரு பெல்ட்டே போடல."

"சார், அது கதை..."

"திகிலும் ஒரு குறை. நூலாசிரியருக்குத் தெரிஞ்ச ஒன்ன கேக்கறவங்களுக்குச் சொல்லாம வெச்சிருக்காங்க. இது வெளிப்படைத்தன்மைக்கு விரோதம். கொலைகாரன் யாருன்னு முதல் அத்தியாயத்துலயே அறிவிச்சிறணும்." அடுத்த தாளைப் புரட்டினார். "காதல். இருபத்திரண்டாவது அத்தியாயத்துல ரெண்டு பேரும் கிசுகிசுன்னு பேசறாங்க. எவ்வளவு தூரத்துல நிக்கிறாங்கன்னு நூல்ல சொல்லல. நாங்க உறுப்பினர் ரெண்டு பேர நிக்க வெச்சு சோதிச்சோம். அவ்வளவு மெதுவா பேசுனா ஒன்னேகால் அடியிலதான் கேக்குது. மாமன்றம் அனுமதிக்கிறது மூணடி."

"சோதன பண்ணவங்க ஒன்னும் சொல்லலியா?"

"ஒருத்தர் ராஜினாமா குடுத்துட்டாரு" என்றார் ராமதாஸ், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "கடைசிக் குறை, நானூத்திப் பன்னெண்டு. நூல் முடிஞ்ச பிறகும் வாசிப்பாளர் பதிவ நிறுத்தல. கதைக்குச் சம்பந்தமில்லாம மூணு நிமிஷம் பேசறாங்க."

அது என்ன பேச்சு என்று லோகேஸ்வரனுக்கு நினைவு வரவில்லை. குறைகள் எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டான். ராமதாஸ் பெருமையாகச் சொன்னார். பிரதி எடுக்கக் கூடாது என்பதால் குறையைக் காட்ட நகல் எடுப்பதில்லை, அப்படியே வெட்டி எடுத்துத் தனியாகப் போட்டுவிடுகிறார்கள். வெட்டிய இடம் வெட்டியபடி இருக்கும். வாசிப்பாளர் அந்த இடங்களை அதே குரலில் திருத்தி வாசித்துக் கொடுத்தால் ஒட்டிக்கொள்வார்கள்.

"அதே குரல்லயா?"

"அதே குரல்ல. வேற குரல் கலப்படம்."

"சார், அவளுக்குக் கொரல் இல்ல. எடுத்துட்டாங்க."

ராமதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் ஒரு நிமிடம் மனிதர் தெரிந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அதுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் இருக்கு. மனு வாபஸ். வாங்கிட்டுப் போயிரலாம். குரலுக்குச் சொந்தக்காரங்க நேர்ல வந்து, வாய்மொழியா, மூணு தடவ 'திரும்பப் பெறுகிறேன்' னு சொல்லணும்."

"வாய்மொழியாவா?"

"ஒலிநூல் மாமன்றமாச்சே. எழுத்துல வாங்கறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்ல. தொண்ணூறு நாள் அவகாசம். அதுக்குள்ள திருத்தவும் இல்ல, வாபஸும் இல்லன்னா, வருஷாந்தர மாசு நீக்கு விழாவுல அழிச்சிருவோம்."

பக்கத்து அறையில் காதுப்பொறியோடு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ஜெயலெட்சுமி, அலுவலக எழுத்தர். மாமன்றத்தில் எதையாவது உண்மையில் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். லோகேஸ்வரன் வெளியே வரும்போது மைலோ ஒரு குவளை கொண்டுவந்து கொடுத்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, அந்த அர்ஜுனன் நெசமாவே இருக்காரா?"

"நாந்தான்."

அவள் அவனை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். மரியாதைக்காகத் தலையை ஆட்டிவைத்தாள்.

மறுநாள் வாசல் காவல் குடிலில் எல்லாவற்றையும் இஸ்மாயிலிடம் சொன்னான். இஸ்மாயில் அதே அடுக்குமாடியில் இன்னொரு காவலாளி, இவனைவிட மூத்தவர்.

"என்னாலா லோகா, ஜாகாவுக்கே ஜாகா போட்டுட்டானுங்க? பேசாம நாலு பேரோட போயி எடுத்துட்டு வந்துருவமா?"

"அலமாரி பூட்டிருக்குண்ணே. தெறந்தா குத்தம்."

"நீ வெளங்கமாட்டே" என்றார் இஸ்மாயில், பாசத்தோடு.

எண்பதாம் நாள், அது தைப்பூசம் முடிந்து ஒரு வாரம், விசாரணைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. தண்ணீர்மலைக் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக லோகேஸ்வரன் வேண்டிக்கொண்டிருந்தான். காமினி கழுத்துக்குப் புதுத் துணி கட்டிக்கொண்டு, பலகையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவனோடு வந்தாள். மாடிப்படி ஏறுவதற்குள் துளை வழியாக மூச்சு இரைத்தது.

தலைவர் டத்தோ முத்துவீரப்பன் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் முன் ஒலிவாங்கி ஒன்று. அறையில் ஆறே பேர்தான், ஆனாலும் ஒலிவாங்கி இல்லாமல் அவர் பேசுவதில்லை.

"அம்மையே, அஞ்ச வேண்டாம்" என்று ஆரம்பித்தார். "நான் பதினோரு ஆண்டுகளாக இந்த மாமன்றத்தின் தலைவர். இன்றுவரை ஒரே ஓர் ஒலிநூலைக்கூட நான் கேட்டதில்லை. ஏன் தெரியுமா? கேட்டால் பிடித்துவிடக்கூடும். பிடித்துவிட்டால் நடுநிலை போய்விடும். நடுநிலை போன பிறகு நான் இந்த நாற்காலியில் இருந்து என்ன பயன்? ஆகவே தமிழுக்காக என் இரு காதுகளையும் மூடி வைத்திருக்கிறேன். இந்தத் தியாகத்தை நாடு இன்னும் முழுமையாக உணரவில்லை."

ராமதாஸ் கைதட்டினார். ஒருவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். பழக்கதோஷத்தில் லோகேஸ்வரனும் தட்டிவிட்டு, காமினியைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான்.

"இப்போது சொல்லுங்கள் அம்மா. மூன்று முறை. தெளிவாக, ஒலிவாங்கிக்கு அருகில்."

காமினி பலகையை எடுத்து எழுதிக் காட்டினாள்: "திரும்பப் பெறுகிறேன்." துடைத்தாள். மறுபடியும் எழுதினாள். துடைத்தாள். மூன்றாம் தடவையும் எழுதி, பலகையை ஒலிவாங்கிக்கு நேராகப் பிடித்தாள்.

ஒலிவாங்கியில் எழுதுகோல் கிறீச்சிட்டது மட்டும் கேட்டது.

"பதிவில் ஒன்றும் இல்லையே" என்றார் தலைவர் வருத்தமாக. "ராமதாஸ், ஏதாவது கேட்டதா?"

"கிறீச்சுன்னு ஒன்னு கேட்டது டத்தோ. மூணு தடவ."

"கிறீச் என்பது தமிழா?"

"ஐயா, ஒங்களக் கும்புட்டுக் கேக்கறேன்." லோகேஸ்வரன் எழுந்துவிட்டான். "சான்று வேணாம். ஆப் வேணாம். யாருமே கேக்க வேணாம். இந்தப் பொண்ணு பேசுனதுக்கு அது ஒன்னுதான் மிச்சம். கல்யாண வீடியோவுல கூட மேளச் சத்தந்தான் இருக்கு. எங்களுக்கு வேற ஒன்னுமே இல்ல. குடுத்துருங்க, நான் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

"தம்பி, உங்கள் உணர்ச்சியை மதிக்கிறேன். அதனால்தான் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை" என்றார் தலைவர். "ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்களும் காவலர், நாங்களும் காவலர். நீங்கள் கட்டடத்தை அந்நியரிடமிருந்து காக்கிறீர்கள். நாங்கள் குரலை மனிதர்களிடமிருந்து காக்கிறோம்."

காமினி இதையெல்லாம் கவனிக்கவில்லை. மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஜெயலெட்சுமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதிக் காட்டினாள்: "முழுசா கேட்டீங்களாம்மா?"

ஜெயலெட்சுமி தலையாட்டினாள்.

"எப்படி இருந்திச்சி?"

"அலுவலர் கருத்துச் சொல்லக் கூடாது" என்றார் ராமதாஸ்.

ஜெயலெட்சுமி சிறிது நேரம் தன் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு எழுந்து நின்று, "டத்தோ, எனக்கு ஒரு சந்தேகம். நான் சரியா குறை பாக்கலயோன்னு தோணுது. நானூத்திப் பன்னெண்டு ரொம்பக் கம்மி. விழாவுக்கு முன்னாடி இன்னொரு தடவ முழுசா கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "பாருங்கள்! இதுதான் கடமை! இளைய தலைமுறை இப்படி இருந்தால் தமிழ் வாழும்!"

லோகேஸ்வரனுக்கு அந்தப் பெண்ணின் மைலோவைக் குடித்ததே அவமானமாக இருந்தது. கட்டையில போறவளே என்று மனதுக்குள் திட்டினான். படியிறங்கும்போது காமினி பலகையில் எழுதிக் காட்டினாள்: "விடு. நீயாச்சும் கேட்டிருக்கே." அவள் படித்த பதினெட்டு நாளும் அவன் வேலைக்குப் போய்விட்டு வந்து முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான். ஓர் அத்தியாயம்கூட முழுசாகக் கேட்டதில்லை. பிறகு கேட்கலாம் என்று வைத்திருந்தான். அதை இப்போது அவளிடம் சொல்லாமல், அவள் கையைப் பிடித்துப் படியிறக்கினான்.

தொண்ணூறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாசு நீக்கு விழா காலை எட்டு மணிக்கு ஒரு மண்டபத்தில். காமினி வரவில்லை என்று தலையசைத்துவிட்டாள். இட்லி ஊற்றிவைத்திருந்தாள். லோகேஸ்வரன் தொடாமல் கிளம்பிவிட்டான்.

எட்டு மணி விழா பத்தரைக்கு ஆரம்பித்தது. கடவுள் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. வாழ்த்துரைக்கு வந்தவர் யாரை வாழ்த்துவது என்று தெரியாமல் எல்லோரையும் வாழ்த்தினார். பிறகு வெள்ளித் தட்டில் பட்டு விரித்து, அதன்மேல் காமினியின் பென்டிரைவைக் கொண்டுவந்தார்கள். அதைக் கணினியில் செருகி, விசைப்பலகையில் ஒரு பொத்தானுக்கு மட்டும் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

"மாமன்ற வரலாற்றிலேயே இது ஒரு சாதனை!" என்று ராமதாஸ் ஒலிவாங்கியில் முழங்கினார். "இந்த ஒரே ஒலிநூலில் நாம் கண்ட குறைகள் மொத்தம் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறு!"

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார். ஒன்பதாயிரம் குறை. அவள் புழுக்கத்தில் வியர்த்து, மூச்சு வாங்கி, தொண்டை வலிக்க வலிக்கப் படித்த பதினொரு மணி நேரத்தில் ஒன்பதாயிரம் குறை. லோகேஸ்வரன் எப்போது எழுந்தான், எப்படி மேடை ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. தலைவருக்கும் கணினிக்கும் நடுவில் போய், இரண்டு கையையும் விரித்து நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக எந்தப் புத்தகத்திலும் கையெழுத்துப் போடாமல் ஓரிடத்தில் நுழைந்திருந்தான்.

"தொடாதீங்க" என்றான். அவ்வளவுதான் வந்தது. அர்ஜுனன்கூட நாலு வார்த்தை பேசுவான்.

அறிவிப்பாளர் ஒரு கணம்தான் திகைத்தார். "ஆஹா! மனுதாரரே மனமுவந்து மேடைக்கு வந்திருக்கிறார்! அவருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார் நம் தலைவர்!"

விரித்த கைகளுக்கு மேலேயே பொன்னாடை விழுந்தது. தலைவர் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். படம் எடுக்கிறவர் இந்தப் பக்கம் பாருங்கள் என்றார், அவன் பார்த்துவிட்டான். பதினாலு வருடப் பழக்கம், யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பது. அந்த நேரத்தில் தலைவரின் இடது கை அவன் தோளைச் சுற்றிக்கொண்டுபோய் ரிப்பன் கட்டிய பொத்தானை அழுத்தியது.

பெரிய திரையில் 'அழிக்கப்பட்டது' என்று வந்தது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. பதினொரு மணி நேரம் போக இவ்வளவுதானா நேரம் என்று லோகேஸ்வரனுக்குத் தோன்றியது. பொன்னாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மேடையிலேயே, ஒரு பெரிய ஆம்பளை விம்மி விம்மி அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று அறிவிப்பாளர் சொன்னார்.

மண்டப வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜெயலெட்சுமி வந்து நின்றாள். கையில் பதிவுப் புத்தகம், ஒரு பழுப்பு உறை.

"அண்ணே, இதுல கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போங்க."

"போம்மா அந்தாண்ட. ஒன்பதாயிரம் குறையா கண்டுபுடிச்ச? நீ நல்லா இருப்பே."

"விதி பதினாலு அண்ணே. குறை எதையும் மாமன்றம் தன் கூரைக்குக் கீழ வெச்சிக்கக் கூடாது. விழா முடிஞ்ச அன்னிக்கே சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைச்சிறணும்." அவள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மூச்சுக்கூட விடாமல் பேசினாள். "குறைய நகல் எடுக்க மாட்டோம், வெட்டி எடுத்துருவோம். சார் சொன்னாருல்ல? நான் பத்து நாளா ஒக்காந்து வெட்டுனேன். ஒவ்வொரு வரியா. எல்லா வரியும் குறைன்னு எழுதிட்டேன். வரிசையா, அத்தியாய வாரியா, இந்த உறைக்குள்ள இருக்கு."

லோகேஸ்வரனுக்கு உடனே புரியவில்லை. செருப்பு ஒரு காலில் மட்டும் இருந்தது.

"அப்ப அங்க அழிச்சது?"

"குறையில்லாத பகுதி அண்ணே. நாலு செகண்டு. அதுல அக்கா பேசல. ஒங்க வீட்டு ஜன்னலுக்கு வெளிய மழ பேயுது, அவ்வளவுதான். டத்தோவுக்கு ஏதாச்சும் மிச்சம் வெக்கணுமில்ல?"

லோகேஸ்வரன் கையெழுத்துப் போட்டான். கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. நேரம் எழுதுகிற கட்டத்தில் நேரத்தையும் எழுதினான். அதற்குப் பிறகும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான், ஜெயலெட்சுமிதான் மெதுவாக இழுத்து வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, கதை ரொம்ப நல்லா இருக்குன்னு அக்காகிட்ட சொல்லுங்க. இன்னிக்கு ஞாயித்துக்கெழம. நான் அலுவலர் இல்ல."

ஜெலுத்தோங்கிலிருக்கிற தன் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டிவந்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. பொன்னாடை தோளில் கிடந்தபடியே இருந்தது. காமினி சமையலறையில் இருந்தாள், திரும்பவில்லை. அவன் நேராகப் போய் மடிக்கணினியில் உறைக்குள்ளிருந்த வேறொரு பென்டிரைவைச் செருகினான். பட்டியலில் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறு கோப்புகள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆகக் கடைசியில் இருந்த சிலவற்றை அழுத்தினான்.

"...அவன் நின்ற தூரம் இப்போது ஒரு கை அகலம்கூட இல்லை. முற்றும்." கரகரத்த குரல். புடவைகள் உரசுகிற சத்தம். ஸ்டூல் நகர்ந்தது. "லோகா... லோகா, எந்திரிலா. முடிஞ்சிரிச்சி. இங்க வா."

சமையலறையில் கரண்டி கீழே விழுந்தது.

தூக்கக் கலக்கத்தில் அவன் குரல் தூரத்தில் என்னவோ முனகியது. அவள் சொன்னாள்: "இன்னும் மூணு நாள்ல இந்தக் கொரல் போயிரும். அதான் கூப்புட்டேன். என்னா வேணும்னாலும் கேளு லோகா. எது கேட்டாலும் சொல்றேன்."

பதிவில் அவன் கொட்டாவி விடுகிற சத்தம். உலகத்தில் கேட்பதற்கு எத்தனையோ இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த லோகேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டான். அன்றைக்கு அந்த முட்டாள் என்ன கேட்டான் என்று இப்போது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"பசியாறிட்டியா?" என்றது அவன் குரல்.

காமினி சிரித்தாள். தொண்டை அனுமதித்த வரைக்கும், இருமி, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். அலமாரி முழுக்க அந்தச் சிரிப்பு. "இதுக்குத்தான் ஒன்னக் கட்டிக்கிட்டேன்" என்றாள். "பசியாறிட்டேன் சாமி. நீ பசியாறிட்டியா?"

"இன்னும் இல்ல" என்றான் லோகேஸ்வரன், மடிக்கணினியைப் பார்த்து, சத்தமாக.

பின்னால் எவர்சில்வர் தட்டில் கரண்டி இரண்டு தடவை தட்டியது.